சொடக்குப் போடும் இறால்

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள், ராத்திரியில் 'டக்' என்று சத்தம் கேட்டால், கண்ணாடி விரிசல் விட்டுவிட்டதோ என்று பதறி எழுந்திருப்பார்கள். பல சமயம் அது பிஸ்டல் இறாலின் வேலை. விரல் நீளம்கூட இல்லாத இந்த இறாலுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியது. அதை விரித்துச் சட்டென்று மூடினால், மணிக்கு 90 கி.மீ.க்கு மேலான வேகத்தில் நீர் பீய்ச்சி அடிக்கிறது. அந்த வேகத்தில் அழுத்தம் சரிந்து ஒரு குமிழி பிறக்கிறது. மறுகணமே சுற்றியுள்ள நீர் அதை நசுக்குகிறது. கொடுக்கின் இரு பாகங்களும் மோதித்தான் சத்தம் வருகிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் டெட்லெஃப் லோஸேயின் குழு 2000இல் அதிவேகக் கேமராவில் படம்பிடித்து, குமிழி நசுங்கும் ஓசையே அது என்று நிறுவியது. நசுங்கும் கணத்தில் குமிழிக்குள் வெப்பம் 5,000 கெல்வினைத் தொடுகிறது. ஆனால் அடி எட்டுவது மிகச் சிறிய தூரம்தான். சின்னஞ்சிறு இரை மயங்கி விழும். தொட்டியின் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது.

இந்த வெடியைவிட அழகானது இறாலின் குடித்தனம். வரிகள் கொண்ட 'டைகர்' வகை போன்ற சில இனங்கள் உளுவை மீனோடு ஒரே வளையில் வாழ்கின்றன. இறாலுக்குப் பார்வை மங்கல். அது ஓயாமல் மணலைத் தள்ளி வளையைச் செப்பனிட, உளுவை வாசலில் காவல் இருக்கும். வெளியே வரும்போதெல்லாம் இறால் தன் உணர்கொம்பு ஒன்றை மீனின் மேல் வைத்திருக்கும். ஆபத்து என்றால் மீனின் வால் படபடக்கும். இறால் உள்ளே ஓடிவிடும். இதைத் தொட்டியிலேயே பார்க்கலாம். அதனால் இறாலைத் தனியாக வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. மஞ்சள் உளுவை ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். அது துள்ளிக் குதிக்கும், மூடி அவசியம்.

தொட்டியை இறாலின் தோண்டும் குணத்துக்கு ஏற்பத்தான் அமைக்க வேண்டும். பாறைகளை முதலில் அடிக்கண்ணாடியின் மேலேயே அசையாமல் நிறுத்திவிட்டு, பிறகு மணலைக் கொட்டுங்கள். மணல்மேல் வைத்த பாறை, இறால் அடியில் தோண்டும்போது சரிந்து அதையே நசுக்கிவிடும். மணல் இரண்டு மூன்று அங்குல ஆழம் வேண்டும். வெறும் நைஸ் மணலில் வளையின் கூரை நிற்காது. உடைந்த சிப்பி, சங்குத் துண்டுகளைக் கலக்க வேண்டும். வெப்பம் 25 டிகிரி, நீரின் ஒப்படர்த்தி 1.025 என்ற அளவில் இருக்கட்டும். மீன் நோய்க்கான செம்பு கலந்த மருந்து இறாலைக் கொன்றுவிடும். தீனியை வளை வாசலருகே போடுங்கள். கழற்றிப்போட்ட ஓட்டைப் பார்த்து இறால் செத்துவிட்டதென்று முடிவுகட்ட வேண்டாம்.

தொட்டிக்காக மன்னார் வளைகுடாப் பவளத்தை யார் விற்றாலும் வாங்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை எடுப்பதும் விற்பதும் குற்றம்.