கேப்டன் மகேந்திர நாத் முல்லா

கரையை விட்டு நீங்கிய கப்பலில் உள்ள அனைவரின் உயிருக்கும் அதன் தலைவரே பொறுப்பு. அப்பொறுப்பை இறுதிவரை சுமந்தவர் இந்தியக் கடற்படை அதிகாரி கேப்டன் மகேந்திர நாத் முல்லா.

இளமையும் பணியும்

முல்லா, இன்றைய உத்தரப் பிரதேசத்திலுள்ள கோரக்பூரில் 1926ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் பிறந்தார். 1948இல் கடற்படை அதிகாரியானார். 'ராணா' என்னும் போர்க்கப்பலுக்குத் தலைமை தாங்கினார். இலண்டனிலும் கடற்படை சார்ந்த பணியாற்றினார். 1971இல் 'குக்ரி' என்னும் போர்க்கப்பலின் தலைவராக விளங்கினார். கூர்க்கா வீரர்கள் ஏந்தும் வளைந்த கத்தியின் பெயரே அக்கப்பலுக்குச் சூட்டப்பட்டிருந்தது.

டிசம்பர் 9, 1971

1971 டிசம்பர் 3ஆம் நாள் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே போர் மூண்டது. அரபிக்கடலின் வடபகுதியில் பாகிஸ்தானின் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று உலவியது. அதைக் கண்டறிந்து அழிக்கும் பணி, முல்லாவின் தலைமையில் சென்ற கப்பல்களிடம் ஒப்படைக்கப்பட்டது. நீருக்கடியில் மறைந்திருக்கும் கப்பலைக் கண்ணால் காண இயலாது. ஒலியின் துணைகொண்டே அறிய வேண்டும். இத்தகைய வேட்டையில், தேடுபவரே தாக்கப்படும் இடர் எப்போதும் உண்டு.

டிசம்பர் 9ஆம் நாள் இரவு, டையூவிற்கு அப்பால் உள்ள கடற்பகுதியில் 'ஹாங்கோர்' என்னும் அந்த நீர்மூழ்கி ஏவிய டார்பிடோ குக்ரியைத் தாக்கியது. கப்பல் விரைவாக மூழ்கத் தொடங்கியது. கப்பலைக் கைவிடுமாறு முல்லா ஆணையிட்டார். பதற்றமின்றி, முறையாக, வீரர்களை வெளியேற்றினார். தமது உயிர்காப்புச் சாதனத்தை ஒரு மாலுமியிடம் கொடுத்துவிட்டார். இயன்றவரை பலரை அனுப்பியபின், எஞ்சியோரைக் காக்க வழியுண்டா என்று பார்க்க மீண்டும் கட்டளை மேடைக்குச் சென்றார். கப்பலோடு அவரும் கடலில் மூழ்கினார்.

அவ்விரவில் 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் உயிர் நீத்தனர். 67 பேர் உயிர் பிழைத்தனர்.

நாட்டின் நன்றி

முல்லாவின் மறைவுக்குப்பின் அவருக்கு மகாவீர் சக்கர விருது அளிக்கப்பட்டது. போர்க்களத்தில் பகைவரை வென்றவர்களே விருது பெறுவர் என்று நாம் எண்ணுகிறோம். குக்ரியோ வெல்லவில்லை, மூழ்கியது. எனினும், தம் உயிரினும் தம் வீரர்களின் உயிரைப் பெரிதென மதித்த தலைமைப் பண்பை நாடு போற்றியது. டையூ கடற்கரையில், கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்பட்ட குக்ரியின் மாதிரி வடிவம் உயிர்நீத்தோரின் நினைவுச் சின்னமாக நிற்கிறது.

சிந்தித்து விடை எழுதுக

1. நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் பணி இடர் மிக்கது. ஏன்?
2. கப்பல் மூழ்கியபோது முல்லா ஆற்றிய செயல்களை வரிசைப்படுத்தி எழுதுக.
3. குக்ரி மூழ்கியும் அதன் தலைவர் போற்றப்படுவது ஏன்? உமது கருத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.