மொத்த சென்னையும் இருட்டானால் முதலில் எழுப்ப வேண்டிய மெஷின்... பேசின் பிரிட்ஜ் கேஸ் டர்பைன் எதற்கு? கேஸ் டர்பைன்கள் ஏன் மக்கர் பண்ணும்?

2024 செப்டம்பர் 12, இரவு 10 மணி வாக்கில் மணலி துணை மின் நிலையத்தில் தீப்பிடித்தது. சில நிமிடங்களில் வண்ணாரப்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் மட்டுமில்லாமல் நகரின் பல பகுதிகள் இருட்டில் மூழ்கின. நள்ளிரவு தாண்டித்தான் படிப்படியாக கரண்ட் வந்தது. அந்த இரவில் வடசென்னையில் மொட்டை மாடிக்கு ஏறாத வீடு குறைவு.

ஆனால் ஒன்றை கவனிக்கணும். அன்றைக்கு சென்னைக்கு வரும் பாதைதான் அடிபட்டது. நாட்டின் மின் தொகுப்பு, அதாவது கிரிட், உயிரோடுதான் இருந்தது. அதனால் வேறு பாதைகள் வழியாக மின்சாரத்தைத் திருப்பிவிட முடிந்தது. கிரிட்டே மொத்தமாக விழுந்துவிட்டால் என்ன ஆகும்? அதற்கான பதிலில் ஒரு பகுதி வண்ணாரப்பேட்டைக்கு ரொம்பப் பக்கத்தில், பேசின் பிரிட்ஜில் இருக்கிறது.

பேசின் பிரிட்ஜில் என்ன இருக்கு?

தலா 30 மெகாவாட் திறன் கொண்ட 4 கேஸ் டர்பைன்கள். மொத்தம் 120 மெகாவாட். 1996-ல் பயன்பாட்டுக்கு வந்த, மின்வாரியத்தின் நிலையம் இது. பேசின் பிரிட்ஜுக்கு மின்சாரம் புதுசு இல்லை. மெட்ராஸ் எலக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் என்ற பிரிட்டிஷ் கால கம்பெனி இங்கேதான் நிலக்கரியை எரித்து ஊருக்கு கரண்ட் கொடுத்தது. அந்த கம்பெனியை 1947-ல் அரசு எடுத்துக்கொண்டது.

கேஸ் டர்பைன் என்றதும் சமையல் கேஸ் நினைவுக்கு வரும். இங்கே 'கேஸ்' என்பது எரிபொருளின் பெயர் இல்லை. எரிந்து வெளியேறும் சூடான வாயு டர்பைனைச் சுழற்றுவதால் அந்தப் பெயர். கோவில்களப்பால், குத்தாலம், வழுதூர் நிலையங்கள் இயற்கை எரிவாயுவில் ஓடுபவை. பேசின் பிரிட்ஜுக்கு எரிபொருள் நாப்தா, கூடவே டீசல். இரண்டுமே விலை அதிகம். அதனால் வருடத்தின் பெரும்பாலான நேரம் இந்த நிலையம் சும்மாதான் நிற்கும்.

அப்படியென்றால் எதற்கு வைத்திருக்கிறார்கள்? இரண்டு காரணம். ஒன்று, மாலை நேரத்தில் மின் தேவை திடீரென எகிறினால் கைகொடுக்க. இன்னொன்றுதான் நாம் பேச வந்தது, 'பிளாக் ஸ்டார்ட்'.

மின்சாரம் எடுக்கவே மின்சாரம் வேணுமா?

ஆமாம். அனல்மின் நிலையத்தில் கொதிகலனுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு, காற்றைத் தள்ளும் விசிறி, நிலக்கரியைப் பொடியாக்கும் மில் என எல்லாமே மோட்டாரில் ஓடுகிறது. தான் எடுக்கும் மின்சாரத்தில் சுமார் 6 முதல் 9 சதவீதத்தை நிலையமே சாப்பிடும். வடசென்னை அனல்மின் நிலையத்தில் உள்ள ஒரு 210 மெகாவாட் யூனிட்டுக்கு இந்தக் கணக்குப்படி கிட்டத்தட்ட 15 மெகாவாட் வெளியிலிருந்து வந்தால்தான் அது எழுந்திருக்கும். கிரிட் செத்துப் போயிருந்தால் அந்த 15 மெகாவாட்டை யார் தருவது?

வெளி உதவி எதுவும் இல்லாமல் தானே எழும் நிலையம்தான் தரணும். நீர்மின் நிலையங்கள் சுலபமாகச் செய்யும். மதகைத் திறந்தால் போதும். ஆனால் அவை மலையில் இருக்கின்றன. ஊருக்குள்ளேயே இருந்து, சின்ன டீசல் ஜெனரேட்டர் உதவியோடு அரை மணி நேரத்துக்குள் ஓடத் தொடங்கக்கூடியது கேஸ் டர்பைன். குளிர்ந்து போன நிலக்கரி யூனிட்டை எழுப்ப பல மணி நேரம் பிடிக்கும்.

இது வெறும் கற்பனை பயமா? 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவின் கிரிட் அடுத்தடுத்து விழுந்தது. இரண்டாம் நாள் 60 கோடிக்கும் அதிகமான மக்கள் வாழும் பகுதிகள் இருண்டன. தெற்கு தப்பித்தது, காரணம் அப்போது தென் மாநில கிரிட் வடக்கோடு ஒரே தாளத்தில் இணைக்கப்படவில்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாக இணைந்துவிட்டது. நாடு முழுக்க ஒரே கிரிட். இதனால் நமக்குக் கிடைத்த லாபம் பெருசு. கூடவே அந்த ரிஸ்க்கும் வந்தது.

உள்ளே என்ன நடக்குது?

முன்னால் கம்ப்ரஸர். வெளிக்காற்றை உறிஞ்சி 10 மடங்குக்கு மேல் அழுத்தும். நடுவில் எரியறை, அங்கே எரிபொருள் தெளிக்கப்பட்டு சுமார் 1,100 டிகிரி செல்சியஸில் வாயு உருவாகும். பின்னால் டர்பைன். கம்ப்ரஸரும் டர்பைனும் ஒரே தண்டில். டர்பைன் எடுக்கும் சக்தியில் பாதிக்கு மேல் கம்ப்ரஸரைச் சுழற்றவே போய்விடும், மீதிதான் ஜெனரேட்டருக்கு. கம்ப்ரஸரில் கொஞ்சம் அழுக்கு சேர்ந்தாலும் மெகாவாட் டக்கென்று குறைவது இதனால்தான்.

வெயிலும் இதே வேலையைச் செய்யும். இந்த மெஷின்களின் திறன் 15 டிகிரி வெப்பநிலைக்குக் கணக்கிடப்படுவது வழக்கம். மே மாத சென்னையில் 40 டிகிரி அடிக்கும்போது காற்றின் அடர்த்தி குறையும், உற்பத்தியும் 15 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். கரண்ட் அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில் அது கொடுப்பது குறைவு. என்ன செய்ய, அதன் சுபாவம் அப்படி.

ஸ்டார்ட் ஆகலைன்னா எங்கே பார்க்கணும்?

முதலில் ஸ்டார்டிங் மோட்டாரோ டீசல் இன்ஜினோ தண்டைச் சுற்றும். கொஞ்ச நேரம் வெறும் காற்று மட்டும் உள்ளே ஓடும். உள்ளே தேங்கிய எரிபொருள் ஆவியை வெளியே தள்ளத்தான் இந்த ஏற்பாடு. அப்புறம்தான் பொறி. ஒரு நிமிடம் போல பார்த்தும் தீ பிடித்ததாக சென்சார் சொல்லாவிட்டால் கண்ட்ரோல் சிஸ்டம் தானே நிறுத்திவிடும்.

இந்த இடத்தில்தான் அனுபவம் பேசும். ஸ்பார்க் பிளக்கில் கரி படிந்திருக்கலாம். எரிபொருள் பைப்பில் காற்று அடைத்திருக்கலாம். டீசலை மெல்லிய துளிகளாக உடைக்கும் காற்று வராமல் இருக்கலாம். சில நேரம் தீ நன்றாகவே எரியும், ஆனால் அதைப் பார்க்கும் சென்சாரின் கண்ணாடியில் புகை படிந்து 'தீ இல்லை' என்று சொல்லும். சும்மா நிற்கும் மெஷின்களில் அடிக்கடி சிக்குவது செக் வால்வு. முந்தைய முறை ஓடி நின்றபோது சூட்டில் மிஞ்சிய டீசல் கரியாகக் கெட்டிப்பட்டு வால்வைப் பிடித்துக்கொள்ளும்.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு. பைக் மாதிரி திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பட்டனை அழுத்துவது. பிடிக்காத ஒவ்வொரு முயற்சியிலும் எரியாத எரிபொருள் கீழே தேங்கும். அது வடிய தனி வடிகால் வால்வு இருக்கிறது. அது அடைத்திருந்தால், அடுத்த முயற்சியில் தீ எரியறையில் பிடிக்காமல் புகைபோக்கிப் பக்கம் வெடித்துப் பிடிக்கலாம். நாப்தா விஷயத்தில் இது இன்னும் மோசம். பெட்ரோல் மாதிரி சட்டென்று ஆவியாகும், அந்த ஆவி காற்றைவிட கனமானது, பள்ளத்தில் போய் உட்காரும். அதனால் நாப்தாவில் ஓடும் மெஷின்களை டீசலில் ஸ்டார்ட் செய்து, ஓட்டம் பிடித்த பிறகு நாப்தாவுக்கு மாற்றுவார்கள். நிறுத்தும்போதும் மறுபடி டீசலுக்கு வந்துதான் நிறுத்துவார்கள். பைப்பில் நாப்தா மிஞ்சக்கூடாது.

நாப்தாவுக்கு இன்னொரு குணம்: வழவழப்பு கிடையாது. டீசல் தன் பம்புக்குத் தானே எண்ணெய் போடுகிற மாதிரி. நாப்தாவில் பம்பும், எரியறைகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கும் சாதனமும் தேய்ந்து இறுகிவிடும். வழவழப்புக்கு மருந்து கலந்து ஓட்டுவது அதற்காக.

தீ பிடித்தும் வேகம் ஏறாமல் நடுவிலேயே தொங்குவது இன்னொரு வகை கோளாறு. சுற்றிவிடும் இன்ஜினுக்கு பலம் போதவில்லையா, கம்ப்ரஸர் அழுக்கா, காற்றை வெளியேவிடும் வால்வு நின்ற இடத்தில் நிற்கிறதா என்று பார்க்கணும். அதற்குள் சூடு ஏறிக்கொண்டே போகும் என்பதால் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

சூடு சொல்லும் கதை

டர்பைனுக்குப் பின்னால், வாயு வெளியேறும் வட்டத்தில் வரிசையாக தெர்மோகப்பிள்கள் பொருத்தியிருப்பார்கள். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சூட்டைக் காட்டணும். ஒரு இடம் மட்டும் ரொம்பக் குறைவாகக் காட்டினால், ஏதோ ஒரு எரியறையின் நாசில் அடைத்திருக்கலாம்.

சரி, அந்த இடத்துக்கு நேர் முன்னால் உள்ள எரியறையைக் கழற்றலாமா? கூடாது. வாயு டர்பைனுக்குள் சுழன்றுகொண்டே வருவதால் 3-ம் எரியறையின் குறை 5-ம் தெர்மோகப்பிளில் தெரியலாம். லோடு மாறினால் அந்த இடமும் நகரும். லோடைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கும்போது குளிர்ந்த இடம் நகர்ந்தால் கோளாறு உள்ளே. நகராமல் ஒரே இடத்தில் நின்றால் பெரும்பாலும் தெர்மோகப்பிளே கெட்டிருக்கும். மெஷினைப் பிரிப்பதற்கு முன் மீட்டரைச் சந்தேகப்படு என்பது இந்தத் தொழிலின் பாலபாடம்.

வடசென்னை காற்று

இந்தப் பகுதி ஆட்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. ஜன்னல் கம்பி இரண்டு வருடத்தில் துருப்பிடிக்கும் ஊர் இது. துறைமுக நிலக்கரித் தூசு வீட்டுக்குள் படிந்த காலமும் உண்டு. சென்னை துறைமுகத்தில் நிலக்கரி கையாளுவது 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் நின்றது. கடல் உப்பு மட்டும் எந்த உத்தரவுக்கும் நிற்காது.

உப்பில் உள்ள சோடியம், எரிபொருளில் உள்ள கந்தகத்தோடு சேர்ந்து சூடான டர்பைன் பிளேடில் உருகிப் படிந்து, அதன் பாதுகாப்புப் பூச்சையே அரிக்கும். அதனால்தான் எரிபொருளில் சோடியம், பொட்டாசியம் இரண்டும் சேர்ந்து பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவைத் தாண்டக்கூடாது என்று அவ்வளவு கறார். காற்றுப் பக்கத்துக்கு ஃபில்டர். அதையும் மீறி கம்ப்ரஸரில் படிவதைக் கழுவ, மெஷின் ஆறிய பிறகு மெதுவாகச் சுற்றவிட்டு, சோப்புக் கரைசலும் உப்பு நீக்கிய தண்ணீரும் அடிப்பார்கள். குழாய்த் தண்ணீர் உதவாது, அதிலேயே உப்பு இருக்கிறதே.

ஓடாத மெஷினுக்கு ஏன் இவ்வளவு வேலை?

ஓடும் கேஸ் டர்பைனுக்கு பராமரிப்பு அட்டவணை தெளிவு. பரவலாக உள்ள ரகங்களில் 8,000 மணி நேரத்துக்கு எரியறை சோதனை, 24,000-ல் சூடான பாகங்கள், 48,000-ல் முழுவதுமாகப் பிரித்து மேய்வது. ஆனால் எப்போதாவது ஓடும் மெஷினுக்கு மணிக்கணக்கு ஏமாற்றும். ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் உலோகம் சட்டென்று சூடாகி, நின்றதும் ஆறி, விரிசல் விடப் பார்க்கும். அதனால் ஸ்டார்ட் எண்ணிக்கைக்குத் தனிக் கணக்கு உண்டு.

நிற்கும்போது வரும் வியாதிகள் வேறு. ஓடி நின்ற மெஷினின் தண்டை சூடு ஆறும் வரை மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கணும். நிறுத்திவிட்டால் மேல்பக்கம் சூடாகவும் கீழ்பக்கம் ஆறியும் தண்டு லேசாக வளைந்துவிடும். அடுத்த ஸ்டார்ட்டில் அதிர்வு தாங்காமல் டிரிப் ஆகும். ஜெனரேட்டர் சுருளில் கடல் ஈரம் இறங்காமல் இருக்க உள்ளே ஹீட்டர் எரியணும். ஓட்டுவதற்கு முன் மெக்கர் வைத்து இன்சுலேஷனைச் சோதிக்கணும். டீசல் டேங்கின் அடியில் தண்ணீர் சேரும், அதில் பாசி மாதிரி நுண்ணுயிர் வளர்ந்து ஃபில்டரை அடைக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், பார்த்தால் அற்பமாகத் தெரியும் இரண்டு சாமான்கள்: பேட்டரி, சின்ன டீசல் ஜெனரேட்டர். ஊரே இருட்டாக இருக்கும்போது கண்ட்ரோல் ரூம் திரை, பிரேக்கர், அவசர எண்ணெய் பம்பு எல்லாம் பேட்டரியில்தான் ஓடும். பேட்டரி இறங்கிவிட்டால், பக்கத்தில் நிற்கும் 120 மெகாவாட்டுக்கு அர்த்தமே இல்லை. 2010-ம் ஆண்டின் இந்திய மின் தொகுப்பு விதிகள், பிளாக் ஸ்டார்ட்டுக்கான டீசல் ஜெனரேட்டரை வாரம் ஒருமுறை ஓட்டிப் பார்க்கணும், 6 மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடத்தணும் என்று சொன்னது இதற்காகத்தான். ஒத்திகையில் வெளி சப்ளையை வேண்டுமென்றே துண்டித்து, உள்ளே இருப்பதை வைத்தே மெஷினை எழுப்பிப் பார்ப்பார்கள். பேப்பரில் டிக் அடிக்கும் ஒத்திகைக்கும் இதற்கும் வித்தியாசம் நிறைய.

அப்போ நம்ம வீட்டுக்கு எப்போ வரும்?

டர்பைன் எழுந்தாலும் கரண்ட் நேராக வீட்டுக்கு வராது. அனல்மின் நிலையங்களை எழுப்புவது, கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கு வெளி சப்ளை கொடுப்பது, மருத்துவமனை, ரயில் என்று வரிசை ஒன்று உண்டு. அதோடு, 30 மெகாவாட் மெஷின் மேல் ஒரேயடியாக பாரத்தை ஏற்ற முடியாது. பெரிய பம்பு மோட்டார் ஒன்று ஸ்டார்ட் ஆனாலே வழக்கத்தைவிட 5, 6 மடங்கு கரண்டை ஒரு நொடி இழுக்கும். ஃப்ரீக்வென்சி விழுந்து, எழுப்பிய மெஷினே திரும்பப் படுத்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்க்கணும்.

இதில் ஒரு வேடிக்கை. பாரமே இல்லாமல் ஓடினாலும் மெஷின் நிலையாக நிற்காது. வோல்டேஜும் ஃப்ரீக்வென்சியும் அடங்க கொஞ்சம் லோடு கட்டாயம் வேணும். அந்த லோடுக்காக பக்கத்து ஃபீடர்கள் சிலவற்றை முதலிலேயே இணைப்பது பிளாக் ஸ்டார்ட்டில் வழக்கம். அப்படி ஒரு இரவு வந்தால், அண்ணா நகருக்கும் அடையாறுக்கும் முன்னால் பழைய வண்ணாரப்பேட்டையின் ஏதோ ஒரு தெருவில் ஃபேன் சுற்ற ஆரம்பிக்க வாய்ப்பு இருக்கிறது.