பதில் மனுவே பட்டறையின் பாதுகாப்பு

கெர்லிங் போன்ற சிற்றூரில் சொந்த வண்டியைப் பழுதுபார்க்கக் கொடுத்து மனம் கசந்தவர், மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளிக் கட்டணத்தில் வழக்குப் போடலாம். உச்சவரம்பு 50,000 வெள்ளி. நோட்டீஸைப் பெற்ற பட்டறைக்காரர் பேசாமல் இருப்பதுதான் பெரிய ஆபத்து. 14 நாள்களுக்குள் இரண்டாம் பாரத்தில் எதிர்வாதம் தர வேண்டும். வரவேண்டிய கூலியையும் அதிலேயே கோரலாம். விசாரணைக்கு வராவிட்டால் அவர் இல்லாமலேயே தீர்ப்பாகலாம்.

பட்டறைக்காரர்கள் சிலர் வக்கீலுக்குப் பணமில்லை என்பார்கள். பொதுவாக அங்கே இரு தரப்புக்குமே வக்கீல் கிடையாது. நேர்மையாக உழைத்தது போதாதா என்றும் கேட்பார்கள். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் எதிர்பார்ப்பது நியாயமான கவனமும் திறமையும். அவற்றை வேலைச்சீட்டும் உதிரிபாக ரசீதும் கழற்றிய பாகத்தின் படமுமே காட்டும். தவறு தம்முடையதானால் சமரசம் பேசுவதே அறம். இல்லையென்றால், உழைப்பின் மானத்தை எழுத்தில் காக்க வேண்டும்.