நாலு மீட்டர் சுவர்

படுக்கையை விட்டு எழுந்து பல் தேய்க்கவே தெம்பில்லாமல் கிடக்கும் ஒருவரிடம் போய், "வாங்க, சுவர் ஏறலாம்" என்று கூப்பிட்டால் என்ன நினைப்பார்? கிண்டல் செய்கிறோம் என்றுதான் நினைப்பார். ஜெர்மனியின் எர்லாங்கன் நகரிலுள்ள பல்கலைக்கழக மருத்துவமனையின் ஆய்வாளர்கள் மனச்சோர்வு நோயாளிகளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவர்கள் வந்தார்கள். ஏறவும் செய்தார்கள்.

இந்த யோசனை எர்லாங்கனில் முளைத்ததில் ஆச்சரியமில்லை. நியூரம்பெர்க்கை ஒட்டிய அந்த ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் பிராங்கன்யூரா என்ற சுண்ணாம்புப் பாறைப் பிரதேசம் இருக்கிறது. பாறை ஏறுபவர்களுக்கு அது புண்ணியத்தலம் மாதிரி. 1975இல் குர்ட் ஆல்பர்ட் என்ற இளைஞர் அங்கேதான் ஒரு புது வழக்கத்தைத் தொடங்கினார். அடித்து வைத்த ஆணியைப் பிடிக்காமல், கயிற்றில் தொங்காமல், கைகாலை மட்டும் நம்பி ஒரு பாறையை முழுக்க ஏறிவிட்டால், அதன் அடியில் சிவப்புப் பெயின்டால் ஒரு பொட்டு வைப்பார். எத்தனை முறை விழுந்து எழுந்து ஏறினாலும் பரவாயில்லை, கடைசியில் ஒருமுறை முழுசாக ஏறினால் போதும். கணக்கும் இயற்பியலும் சொல்லிக்கொடுத்த வாத்தியார் அவர். இன்று உலகமெங்கும் பாறை ஏறுபவர்கள் அப்படி ஏறுவதற்கு அந்தச் சிவப்புப் பொட்டின் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

எர்லாங்கன் குழுவை நடத்திய கத்தரீனா லூட்டன்பெர்கருக்கும், ஆய்வில் உடனிருந்த ஈவா-மரியா ஸ்டெல்சருக்கும் சுவர் ஏறுவது சொந்தப் பொழுதுபோக்கு. ஏறும்போது மனசு லேசாவதைத் தாங்களே உணர்ந்தவர்கள். ஆனால் தனக்கு நன்றாக இருந்தது என்பதால் அது மருந்தாகிவிடாது. அதனால் சோதித்துப் பார்க்க இறங்கினார்கள்.

அவர்கள் எடுத்துக்கொண்டது போல்டரிங். கயிறு கிடையாது. சுவரின் உயரம் சுமார் 4 மீட்டர், கீழே தடிமனான மெத்தை. சுவர் முழுக்கச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கலர் கலராகப் பிடிகள் திருகப்பட்டிருக்கும். ஒரே நிறப் பிடிகளை மட்டும் பிடித்து, மிதித்து மேலே போக வேண்டும். ஒவ்வொரு நிறமும் ஒரு பாதை. அந்தப் பாதைக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் 'பிராப்ளம்'. மனச்சோர்வுக்கு வைத்தியம் பார்க்க வந்தவரிடம், "இன்றைக்கு எந்தப் பிராப்ளத்தில் ஆரம்பிக்கிறீர்கள்?" என்று கேட்கிற வசதி வேறு எந்த விளையாட்டில் இருக்கிறது!

முதல்முறை ஏறுபவருக்கு நடப்பதைப் பார்ப்போம். உள்ளங்கையில் வியர்க்கிறது; வெள்ளைப் பொடியைத் தேய்த்துக்கொள்கிறார். இரண்டாவது பிடிவரை சுலபம். மூன்றாவதற்குக் கை நீட்டும்போதுதான் முழங்கைக்குக் கீழே சதை கல்லாக இறுகுவது தெரிகிறது. பெருவிரல் மட்டும் ஊன்றியிருக்கும் கால் தடதடவென்று ஆடத் தொடங்குகிறது. ஜெர்மானியர்கள் இதைத் 'தையல் மெஷின்' என்பார்கள். மிதிக்கிற கால் அப்படித்தான் ஆடும். கீழே குனிந்தால் தரை ஓர் ஆள் உயரம்கூட இல்லை. ஆனாலும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அந்த நொடியில் அவருக்கு அடுத்த மாத வாடகை ஞாபகம் வராது. பத்து வருஷத்துக்கு முன் அண்ணன் சொன்ன ஒரு சொல்லும் வராது. அந்த மஞ்சள் பிடி எட்டுமா, எட்டாதா? அவ்வளவுதான் உலகம்.

இதில்தான் விஷயம் இருக்கிறது. மனச்சோர்வில் இருப்பவர்களின் மனம் சும்மா சோர்ந்து கிடப்பதில்லை; ஓயாமல் வேலை செய்கிறது. நடந்து முடிந்ததையே மாடு அசைபோடுவதுபோல் மென்றுகொண்டிருக்கும். ஆங்கிலத்தில் உளவியலாளர்கள் இதற்கு வைத்திருக்கும் சொல்லும் மாடு அசைபோடுவதிலிருந்து வந்ததுதான். இப்படி அசைபோடும் பழக்கம் மனச்சோர்வை நீட்டிக்கிறது, ஆழப்படுத்துகிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்சமா பல ஆண்டு ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். நடைப்பயிற்சியின்போதும் உடற்பயிற்சி சைக்கிளில் மிதிக்கும்போதும் அசைபோட முடியும். நம்மில் பலர் செய்வதே அதைத்தான். சுவரில் முடியாது. கவனம் சிதறினால் அடுத்த கணம் மெத்தையில் இருப்போம்.

ஆனால் எர்லாங்கன்காரர்கள் நோயாளிகளைச் சுவரில் ஏற்றிவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்ளவில்லை. இது குழு உளவியல் சிகிச்சை. வாரம் ஒருமுறை, இரண்டு மணி நேரம், பத்து வாரம். ஒரு குழுவில் ஏறக்குறைய பத்துப் பேர், கூடவே சிகிச்சையாளர்கள். அமைதியாக உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பதில் தொடங்கும். ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு பொருள்: பயம், நம்பிக்கை, தன் எல்லை எது, உதவி கேட்பது எப்படி. அதற்கேற்ற பயிற்சி சுவரில் நடக்கும். பயத்தைப் பற்றிய வாரமென்றால், பயம் தொடங்கும் உயரம்வரை ஏறி அங்கேயே நிற்கலாம். இறங்குவதா, இன்னும் ஒரு பிடி போவதா என்று தானே முடிவெடுக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவி ஏறும் பயிற்சியும் உண்டு. பிறகு எல்லோரும் உட்கார்ந்து பேசுவார்கள். சுவரில் நடந்தது வீட்டிலும் வேலையிலும் எங்கே நடக்கிறது என்பதுதான் பேச்சு. "யாரையும் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு நானே எல்லாத்தையும் இழுத்துப் போட்டுப்பேன்" என்று ஒருவர் மாதக்கணக்கில் நாற்காலியில் உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டிய விஷயம், கைநடுக்கத்தோடு தொங்கிக்கொண்டு, கீழே நிற்பவரிடம் காலை எங்கே வைப்பதென்று கேட்க வாய் வராத நொடியில் தெரிந்துவிடலாம்.

ஓர் ஆபத்தும் இங்கே இருக்கிறது. தன்னைத் தானே மட்டமாக நினைக்கும் ஒருவருக்குச் சுவரும் இன்னொரு பரீட்சையாகிவிடலாம்: 'பக்கத்திலிருப்பவர் உச்சிவரை போய்விட்டார், எனக்குப் பாதிதான்.' சிகிச்சையாளர் தேவைப்படுவது முக்கியமாக இங்கேதான் என்பேன்.

சரி, பலன் உண்டா? முதல் சோதனையின் முடிவு 2015இல் வெளியானது. 47 பேர் பங்கேற்றார்கள். ஒரு பிரிவு உடனே சுவரேற்றத்துக்குப் போனது (அப்போது சிகிச்சை எட்டு வாரம்தான்), மறுபிரிவு காத்திருந்தது. ஏரன் பெக் உருவாக்கிய, 21 கேள்விகள் கொண்ட மனச்சோர்வு அளவுகோலில் அதிகபட்ச மதிப்பெண் 63. ஏறியவர்களுக்குச் சராசரியாக 6 மதிப்பெண்ணுக்குமேல் குறைந்தது, காத்திருந்தவர்களுக்கு 1.4 மட்டுமே. நடுத்தர மனச்சோர்வு என்பதற்கு அந்த அளவுகோலில் 20 முதல் 28 வரை. லேசானது 14 முதல் 19 வரை. அந்தக் கணக்கில் 6 என்பது சின்ன வித்தியாசமில்லை.

உடனே யாரும் கேட்பார்கள்: உடம்பை அசைத்தாலே மனச்சோர்வு குறையுமே, இதில் சுவருக்கு என்ன பெருமை? நியாயமான கேள்வி. அதற்காக அடுத்த சோதனையைப் பல மையங்களில் நடத்தினார்கள். அதன் முடிவு 2020இல் வந்தது. 133 பேரில் ஒரு பிரிவினர் சுவர் ஏறினார்கள்; மற்றவர்கள் வீட்டிலேயே உடற்பயிற்சி செய்தார்கள். பத்து வாரம் கழித்து, 60 மதிப்பெண் கொண்ட வேறொரு அளவுகோலில் ஏறியவர்களுக்கு 8.4 குறைந்தது, வீட்டில் பயிற்சி செய்தவர்களுக்கு 3.

இந்த எண்ணைப் பார்த்து நான் உடனே கைதட்டமாட்டேன். வீட்டில் பயிற்சி செய்தவர் தனியாகச் செய்தார். சுவரேறியவருக்குப் பத்துப் பேர் துணை இருந்தார்கள், சிகிச்சையாளர் இருந்தார். ஜெயித்தது சுவரா, கூட இருந்த மனிதர்களா? இதைப் பிரித்துச் சொல்ல அந்த ஒப்பீட்டால் முடியாது. அதைவிட முக்கியம் மூன்றாவது ஒப்பீடு: வழக்கமான குழு சிகிச்சையோடு, அதாவது எண்ணப்போக்கையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சையோடு. சுவர் சிகிச்சை அதைவிடக் குறைந்ததல்ல என்பது முடிவு. மிஞ்சியது என்றும் யாரும் சொல்லவில்லை. எனக்கு இதுதான் நம்பத்தகுந்த செய்தி. உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவது எல்லோருக்கும் வருவதில்லை. பேச்சு வராதவர்களுக்குக் கைகால் வழியாக ஒரு வாசல் திறந்திருக்கிறது.

இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். சுவர் ஏறச் சம்மதித்து வந்தவர்களிடம்தான் இவை சோதிக்கப்பட்டன. யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை மறைத்து வைக்கவும் வழியில்லை. சுவரில் தொங்குபவருக்குத் தான் தொங்குவது தெரியாதா என்ன! தற்கொலை எண்ணம் தீவிரமாக இருப்பவர்களுக்கான சிகிச்சையாகவும் இது முன்வைக்கப்படவில்லை.

மனச்சோர்வு என்ற சொல்லைப் பற்றி நம் பத்திரிகைகளில் ஒரு குழப்பம் உண்டு. 'மன அழுத்தம்' என்ற சொல்லையே எல்லாவற்றுக்கும் போட்டுவிடுகிறோம். பரீட்சைக்கு முந்தின நாள் வருவது மன அழுத்தம். பரீட்சை முடிந்தால் போய்விடும். இரண்டு வாரத்துக்குமேல் நாள் முழுக்க மனம் இருண்டு கிடப்பது, பிடித்தது எதுவும் பிடிக்காமல் போவது, தூக்கமும் பசியும் குலைவது, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று தோன்றுவது எல்லாம் சேர்ந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அது நோய். அதற்கு மாத்திரையும் உண்டு, பேச்சு சிகிச்சையும் உண்டு. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிட்டு மலையேறக் கிளம்ப வேண்டாம். முதலில் யாரிடமாவது சொல்லுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.