மிசோரம்: துப்பாக்கி ஓய்ந்த பிறகு

வடகிழக்கு என்றாலே குண்டுவெடிப்பு, ஊரடங்கு, பந்த் என்றுதான் நம் நாளிதழ்கள் நமக்குச் சொல்லி வந்திருக்கின்றன. சண்டை நடக்கும்போது முதல் பக்கத்தில் இடம்பெறும் ஊர், சண்டை ஓய்ந்ததும் பத்திரிகையிலிருந்தே மறைந்து விடுகிறது. உண்மையில் கடினமான காரியம் அதற்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது. காட்டுக்குப் போய்த் துப்பாக்கி ஏந்தியவனும், அவனைக் காட்டிக் கொடுத்தவனும், இருவராலும் பிள்ளையை இழந்த தாயும் ஒரே தெருவில் குடியிருந்தாக வேண்டும். அங்கே வழக்கை யார் தீர்ப்பது? யாருடைய சட்டப்படி? இரவில் கதவைத் தட்டும் சத்தத்துக்குப் பயப்படாமல் தூங்க எத்தனை காலம் ஆகும்? 20 ஆண்டு ஆயுதப் போராட்டத்துக்குப் பிறகு இக்கேள்விகளுக்கு விடை தேடிய இந்திய மாநிலம் மிசோரம். வங்கி, தபால், ராணுவம் என்று அங்கே மாற்றலாகிப் போய் வந்த அன்பர்கள் நம்மிடையே சிலர் இருக்கக்கூடும், மற்றவர்களுக்காக இக்கட்டுரை.

கதை மூங்கிலில் தொடங்குகிறது. அம்மலைகளில் ஏறக்குறைய 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருவகை மூங்கில் காடுகாடாகப் பூத்துக் காய்த்து மடியும். காய்களைத் தின்று எலிகள் பெருகும். மூங்கில் காய் தீர்ந்ததும் அவை நெல்வயலில் இறங்கும். மிசோ மக்கள் இந்தப் பஞ்சத்தை 'மௌதம்' என்பர். 1959இல் அது வந்தபோது மிசோ மலை அசாம் மாநிலத்தின் ஒரு மாவட்டம். பஞ்சம் வரப்போகிறது என்று உள்ளூர்க்காரர்கள் முன்கூட்டியே எச்சரித்தார்கள். மேலிடம் அதைக் கிழவிகளின் கதை என்பதுபோல் ஒதுக்கியது. பசித்தவர்களுக்கு அரிசி சுமக்க இளைஞர்கள் அமைத்த சங்கத்திலிருந்துதான் 1961 அக்டோபரில் மிசோ தேசிய முன்னணி பிறந்தது. தலைவர் லால்டெங்கா, முன்னாள் ராணுவ ஹவில்தார்.

1966 மார்ச் 1ஆம் தேதி முன்னணி சுதந்திரப் பிரகடனம் செய்தது. பல இடங்களில் அரசுக் கருவூலங்களும் பாதுகாப்புப் படை முகாம்களும் ஒரே சமயத்தில் தாக்கப்பட்டன. மார்ச் 5ஆம் தேதி இந்திய விமானப் படை ஐஸ்வால் நகரின்மீது தாக்குதல் நடத்தியது. நம் நாட்டு நகரம் ஒன்றின்மீது நம் விமானங்களே குண்டு போட்டன என்ற செய்தி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? மிசோக்களுக்கு அது மறக்கவில்லை. இந்த 20 ஆண்டுகளையும் அவர்கள் 'ரம்புவாய்' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறார்கள். கலங்கிய நாடு என்று பொருள்.

ஆனால் கிராமத்துப் பெரியவர்களைக் கேட்டால் குண்டுவீச்சைவிட அதிகமாகச் சொல்வது ஊர் பெயர்க்கப்பட்ட கதையைத்தான். 1967 ஜனவரியில் ஆரம்பித்து, போராளிகளுக்குச் சோறும் தகவலும் கிடைக்காமல் செய்வதற்காகச் சிதறிக் கிடந்த கிராமங்களைக் காலி செய்து, சாலையோர மையங்களில் வேலி போட்டுக் குடியேற்றினார்கள். மாவட்டத்தின் 764 ஊர்களில் 516 ஊர்கள் காலியாயின. அவற்றின் மக்கள் 110 மையங்களுக்குள் அடைக்கப்பட்டனர். தொடப்படாமல் நின்றவை 138. காலி செய்த ஊர்கள் எரிக்கப்பட்டன. வீட்டைத் தன் கையாலேயே கொளுத்த வேண்டியிருந்தவர்களும் உண்டு. அரசுக் காகிதங்களில் இவற்றுக்குப் 'பாதுகாக்கப்பட்ட முற்போக்குக் கிராமங்கள்' என்று பெயர். எந்தப் பாதுகாப்பு என்று கேட்கலாம்: அடையாள அட்டை, வெளியே போக அனுமதிச் சீட்டு, மாலையில் ஊரடங்கு, எண்ணிக் கொடுக்கும் அரிசி. காட்டை வெட்டி எரித்து மலைச்சரிவில் விதைக்கும் 'ஜூம்' சாகுபடிக்காரன் வயலிலிருந்து பத்து மைல் தள்ளி வேலிக்குள் இருந்தால் என்ன பயிரிடுவான்?

(இந்த யோசனை புதிதல்ல. 1950க்குப் பிறகு மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க ஆங்கிலேயர் கையாண்ட முறைதான் இது. அங்கே பெருமளவில் குடிபெயர்க்கப்பட்டவர்கள் சீனர்கள். தோட்டத் தொழிலாளர்களும் வேலிக்குள் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் நம் தமிழர்களும் இருந்தார்கள்.)

வேலிக்கு உள்ளே இருந்தவனுக்கு இரண்டு பக்கமும் இடி. பகலில் ராணுவம் ஊரையே மைதானத்தில் உட்கார வைக்கும். முகத்தை மூடிய ஒருவன் வரிசையைப் பார்த்து விரல் நீட்டுவான். அவனுக்கு 'கௌக்து' என்று பெயர்; சுட்டுபவன். இலங்கைத் தமிழர் 'தலையாட்டி' என்று சொன்னார்களே, அதே ஆள்தான். இரவில் முன்னணிக்காரர்கள் வந்து வரி கேட்பார்கள். காட்டிக் கொடுத்தான் என்று சந்தேகப்பட்டவனைக் கொன்றதும் உண்டு. 1975 ஜனவரி 13 அன்று ஐஸ்வாலில் காவல்துறையின் மூன்று உயர் அதிகாரிகள் அலுவலகத்துக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தலைமை அதிகாரிக்கே அந்த நிலை என்றால் சாதாரண ஜனங்களுக்குச் சட்டம் என்பது யார் கையில் இருந்திருக்கும்?

இந்த நடுவிலிருந்துதான் முதல் குரல் எழுந்தது என்பது என் எண்ணம். இந்திய ராணுவத்தில் பிரிகேடியராக இருந்து ஓய்வுபெற்ற டி. சைலோ 1974இல் மனித உரிமைக் குழு ஒன்றை அமைத்து, பாதுகாப்புப் படைகள்மீதான புகார்களைத் திரட்டினார். பின்னாளில் முதலமைச்சரும் ஆனார். ஆயுதம் எடுக்காமல், அரசியல் சட்டத்தையே எடுத்து அரசை நோக்கி நீட்டிய செயல் அது. சர்ச்சுகளும் சும்மா இருக்கவில்லை. வன்முறையைத் தொடக்கத்திலேயே கண்டித்த பாதிரிமார்களே காட்டுக்கும் தலைநகருக்கும் நடுவே தூது போனார்கள். 1972இல் மிசோரம் யூனியன் பிரதேசமானது. பேச்சுவார்த்தை பலமுறை தொடங்கி முறிந்தது. கடைசியில் 1986 ஜூன் 30 அன்று டெல்லியில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. காங்கிரஸ் முதலமைச்சர் லால்தன்ஹாவ்லா பதவியை விட்டுக் கொடுத்தார். நேற்றுவரை தேடப்பட்ட லால்டெங்கா முதலமைச்சரானார். 1987 பிப்ரவரி 20 அன்று மிசோரம் தனி மாநிலமாயிற்று. இப்படிப் பதவியை விட்டுத் தந்த உதாரணம் நம் அரசியலில் தேடினாலும் எளிதில் கிடைக்காது.

ஒப்பந்தத்தில் டெல்லியின் கவலையும் ஐஸ்வாலின் கவலையும் தனித்தனியே தெரிகின்றன. டெல்லி கேட்டது: ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், முன்னணியின் விதிகளைச் சட்டத்துக்கு உட்பட்டுத் திருத்த வேண்டும், திரிபுரா, மணிப்பூர் போராளிகளுக்கு உதவக் கூடாது. மிசோக்கள் கேட்டது நிலமும் வழக்கமும். அதன்படி அரசியல் சட்டத்தில் 371 ஜி என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. மிசோக்களின் சமய, சமூக வழக்கங்கள், மரபுச் சட்டம், அச்சட்டப்படி நடக்கும் நீதி நிர்வாகம், நில உரிமை ஆகியவற்றில் நாடாளுமன்றம் இயற்றும் சட்டம், மாநிலச் சட்டமன்றம் ஏற்றாலன்றி அங்கே செல்லாது. பாதுகாப்பு என்ற சொல் டெல்லிக்கு எல்லையையும் துப்பாக்கிகளின் கணக்கையும் குறித்தது. மலைவாசிக்குத் தன் வழக்கைத் தன் மொழியில், தன் ஊரில் பேசித் தீர்ப்பதைக் குறித்தது.

அதற்கு ஏற்பாடும் இருந்தது. பழைய காலத்தில் 'லால்' எனப்படும் தலைவன் பெரியவர்களை வைத்துக்கொண்டு நியாயம் சொல்வான். 1954இல் தலைவர்களின் உரிமைகள் சட்டப்படி பறிக்கப்பட்டு, தேர்ந்தெடுக்கப்பட்ட கிராமக் கவுன்சில்கள் வந்தன. சிறு தகராறுகளை மரபுப்படி அவையே விசாரிக்கும். பெரிய வழக்குகளுக்குக் கவுகாத்தி உயர் நீதிமன்றத்தின் கிளை 1990இல் ஐஸ்வாலில் அமைந்தது.

இவற்றையெல்லாம்விட அன்றாட வாழ்வில் பெரியது ஒய்.எம்.ஏ. என்ற இளைஞர் சங்கம். 1935இல் தோன்றியது. ஊரில் சாவு என்றால் குழி வெட்டுவது, இரவில் துக்க வீட்டில் கூட இருப்பது, காட்டில் காணாமல் போனவனைத் தேடுவது எல்லாம் இவர்கள் பொறுப்பு. தன்னலம் பாராமல் பிறருக்கு உழைக்கும் குணத்தை மிசோ மொழியில் 'த்லோம்ங்ஐனா' என்பர். அந்தக் குணத்தின் அமைப்பு வடிவம் இச்சங்கம். ரம்புவாய் காலத்து நடவடிக்கைகளைப் பற்றி உண்மை அறியும் ஆணையம் எதுவும் அமைக்கப்படவில்லை. யார் யாரைக் கொன்றார்கள் என்ற கணக்கு முடிக்கப்படவே இல்லை. ஆனாலும் முன்னாள் போராளி செத்தாலும், முன்னாள் கௌக்து செத்தாலும், குழி வெட்ட வருவது அதே இளைஞர்கள்தான். இது நீதியாகுமா என்று கேட்டால் ஆகாது என்றே சொல்வேன். ஆனால் சேர்ந்து வாழ ஒரு வழி கிடைத்தது. 2006இல் சர்ச்சுகள் முன்னின்று மக்கள் மன்றம் ஒன்றை ஏற்படுத்தித் தேர்தல் செலவுக்கும் ஆர்ப்பாட்டத்துக்கும் கட்டுப்பாடு விதித்தன. கட்சிகளும் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டன.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஊரே சேர்ந்து ஒழுங்கைக் காத்தால் காவல் நிலையத்துக்கு வேலை குறையும். அடி வாங்குபவனுக்கு முறையிட இடமும் குறையும். போதைப்பொருள் ஒழிப்பில் இறங்கிய இளைஞர் சங்கத்தார் சந்தேகப்பட்டவர்களை அடித்தார்கள் என்ற புகார்கள் எழுந்தன. மரபுச் சட்டம் பெண்ணுக்குச் சொத்தில் பெரிய இடம் தரவில்லை. 1974இல் தோன்றிய பெண்கள் சங்கம் பல்லாண்டு போராடிய பின்னர்தான் 2014இல் திருமணம், மணவிலக்கு, வாரிசுரிமைக்கான மிசோ சட்டம் வந்தது.

எல்லாவற்றிலும் கசப்பானது புரூ மக்களின் கதை. ரியாங் என்றும் அழைக்கப்படும் இவர்கள் மிசோரத்தின் மேற்கு ஓரத்தில் வாழும் சிறுபான்மையினர். வேறு மொழி, பலருக்கு வேறு சமயம். மிசோக்கள் டெல்லியிடம் கேட்டதைப் போலவே இவர்கள் 1997இல் ஐஸ்வாலிடம் தங்களுக்கென்று ஒரு தன்னாட்சி மாவட்டக் கவுன்சில் கேட்டார்கள். மிசோ அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. அந்த அக்டோபரில் புரூ போராளிகள் வனக் காவலர் ஒருவரைக் கொன்றனர். பழிவாங்கலில் புரூ வீடுகள் எரிந்தன. 30,000க்கும் மேற்பட்டோர் திரிபுராவுக்கு ஓடி முகாம்களில் தங்கினர். 1967இல் ஊர் எரிந்த நினைவைச் சுமந்த மக்களின் நாட்டிலேயே இது நடந்தது.

2009இல் ஒரு மிசோ இளைஞர் கொல்லப்பட்டதும் அவர்களைத் திருப்பி அழைத்து வரும் ஏற்பாடு முறிந்தது. மீண்டும் வீடுகள் எரிந்தன. 2018இல் இன்னொரு திட்டம் வந்தும் பெரும்பாலோர் திரும்ப மறுத்தார்கள். பணமும் அரிசியும் தருகிறோம் என்றபோது, பக்கத்து ஊர்க்காரன் எங்களை என்ன செய்வான் என்பதுதான் அவர்கள் கேள்வியாக இருந்தது. 2020 ஜனவரி 16 அன்று டெல்லியில் மற்றோர் ஒப்பந்தம் கையெழுத்தாகி, சுமார் 34,000 பேரைத் திரிபுராவிலேயே குடியமர்த்த முடிவாயிற்று. மனையும் வீடு கட்டப் பணமும் கொடுத்தார்கள். 23 ஆண்டுகள் முகாமிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அதுதான் முதல் சொந்த வீடு. மிசோரத்தை அவர்கள் பெற்றோர் சொல்லித்தான் அறிவார்கள்.