24: பாகப்பிரிவினையின் எண்

"உம்மாக்கு எட்டிலொண்டு, மிச்சம் புள்ளைகளுக்கு." காணிப் பேச்சு வந்தால் எங்கட வீடுகளில் கணக்கு இந்த அளவோடு நின்றுவிடும். மிச்சத்தை எப்படிப் பிரிப்பது என்று கேட்டால் ஆலிமைத் தேடுவோம், இல்லாவிட்டால் நொத்தாரிசைத் தேடுவோம். இரண்டு பேருடைய கணக்குக்கும் அடியில் கிடப்பது ஓர் எண்: 24.

அல்குர்ஆனின் நிஸா அத்தியாயம் குறிக்கும் பங்குகள் ஆறு: 1/2, 1/4, 1/8, 2/3, 1/3, 1/6. இவற்றின் பகுதியெண்கள் 2, 3, 4, 6, 8. இவற்றின் பொது மடங்குகளுட் சிறியது 24. அந்த எண்ணுக்கு 1, 2, 3, 4, 6, 8, 12, 24 என எட்டுக் காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது. பராயிழ் கலையில் பங்கு பிரிக்கும் மூல எண்கள் ஏழு: 2, 3, 4, 6, 8, 12, 24. ஒன்றை நீக்கிப் பார்த்தால் அவை 24இன் காரணிகளேதான். இதனால்தான் எத்தனை வகை வாரிசுகள் கூடினாலும் மூல எண் 24ஐத் தாண்டுவதில்லை.

ஓர் உதாரணம் பார்ப்போம். சோனகத்தெருவில் ஒருவருக்கு 4 பரப்புக் காணி. பரப்புக்கு 18 குழிப்படி 72 குழி. கடனும் வஸிய்யத்தும் தீர்த்தாயிற்று. மனைவி, தாய், ஒரு மகன், இரண்டு மகள்மார் இருக்கிறார்கள். 24 பங்கில் மனைவிக்கு 3, தாய்க்கு 4, மிச்சம் 17. மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்றால் 17ஐ நாலாகப் பிரிக்க வேண்டும், முழுசாக வராது. ஆகவே 24ஐ நாலால் பெருக்கி 96 ஆக்குவோம். மனைவி 12, தாய் 16, மகன் 34, மகள்மார் 17, 17.

பங்கு பிரிக்காமலே மனைவியும் மவுத்தானால்? அவவின் பெற்றோர் முன்பே இறந்திருந்தால், அவவுடைய 12இல் மகனுக்கு 6, மகள்மாருக்கு 3, 3. இப்போது மகன் 40, மகள்மார் 20, 20, தாய் 16. நாலால் சுருக்கினால் 10, 5, 5, 4. கூட்டிப் பாருங்கள், மறுபடியும் 24! குழிக் கணக்கில் 30, 15, 15, 12.

சில வேளை பங்குகள் 24ஐ மிஞ்சும். மனைவி, தாய், தகப்பன், இரண்டு மகள்மார் என்றால் 3+4+4+16=27. அப்போது சொத்தை 27ஆகப் பிரித்து எல்லோரும் விகிதப்படி விட்டுக்கொடுப்பார்கள். இதற்கு 'அவ்ல்' என்று பெயர். மனைவியின் எட்டிலொன்று ஒன்பதிலொன்றாகிவிடும். மிம்பரில் நின்றபடியே அலீ (ரலி) அவர்கள் இதற்கு விடை சொன்னதாக அறிவிக்கப்படுவதால் இதை 'மிம்பரிய்யா' என்பர்.

இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டப்படி, மரண சாசனமின்றி இறந்த முஸ்லிமின் சொத்து அவரது மத்ஹபின்படியே பிரியும். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டுத் துரத்தப்பட்டபோது உறுதியில் பெயர் இருந்தவர்களில் எத்தனையோ பேர் புத்தளத்திலேயே மவுத்தாகிவிட்டார்கள். பிரிபடாத பங்கு பேரப்பிள்ளைகள் வரை இறங்கிவிட்டது. "தங்கச்சிக்குச் சீதனம் குடுத்தாச்சு, இனி அவவுக்குப் பங்கில்ல" என்று சொல்வோரும் உண்டு. பழைய தேசவழமையில் சீதனம் வாங்கிய மகளுக்கு அப்படி ஒரு விதி இருந்தது, பராயிழில் இல்லை. வாழும்போது கொடுத்தது கொடுத்ததுதான். மவுத்துக்குப் பிறகு அவவின் பங்கு அவவுக்கே.

ஆகவே ஒவ்வொரு மவுத்துக்கும் ஒரு கணக்கை அப்போதே எழுதி, உறுதியோடு சேர்த்து வையுங்கள். இரண்டு தலைமுறை பிந்தினால் பங்கு குழியை விட்டுச் சாணுக்கு இறங்கிவிடும். கோபம் மட்டும் பரப்புக் கணக்கில் வளரும்.