கம்மியர் என்றால் யார்?



பம்புசெட்டு நின்றுபோனால் நம் வாயில் முதலில் வருவது, "மெக்கானிக்கைக் கூட்டிக்கிட்டு வா" என்பதுதான். டிராக்டர் நின்றாலும் மெக்கானிக். தெளிப்பான் மக்கர் பண்ணினாலும் மெக்கானிக். இவருக்குத் தமிழில் கம்மியர் என்று பெயர். அரசு தொழிற்பயிற்சி நிலைய அறிவிப்புகளில் 'கம்மியர் டீசல்', 'கம்மியர் மோட்டார் வாகனம்' என்று போட்டிருப்பார்கள். பத்தாவது படித்த பிள்ளைகூட "இது என்ன படிப்போ!" என்று தாண்டிப் போய்விடுகிறது. ஆகவே இந்தச் சொல்லைக் கொஞ்சம் பார்ப்போம்.

'கம்' என்றால் தொழில். கைத்தொழில் தெரிந்தவர் கம்மியர். இது நேற்று உண்டாக்கின சொல் அல்ல. நெடுநல்வாடையில், அரண்மனைக் கதவை இடைவெளி இல்லாமல் முடுக்கிப் பொருத்திய தச்சரைக் கம்மியன் என்றே சொல்லியிருக்கிறது. புறநானூற்றில் பொன் அணி செய்கிறவரும் கம்மியன்தான். கம்மாளர் என்கிறோமே, அதுவும் இந்தச் சொல்லுக்கு உறவு.

அந்தக் காலத்தில் செய்கிறவரும் பழுது பார்க்கிறவரும் ஒருவரே. கலப்பைக்குக் கொழு அடித்துக் கொடுத்த கொல்லரே, அது மழுங்கினால் காய்ச்சித் தட்டியும் கொடுத்தார். இன்று மோட்டார் செய்கிறவர் எங்கோ தொழிற்சாலையில் இருக்கிறார். பழுது பார்க்கிறவர்தான் நம் பக்கத்தில் இருக்கிறார். அதனால் கம்மியர் என்ற பெயர் அவருக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் எல்லா வேலையையும் ஒரே கம்மியர் செய்துவிட முடியாது. மின்சார வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் மின்பணியாளர். வயர்மேன், கம்பியாள். ஃபிட்டர், பொருத்துநர். லேத்தில் கடைசல் வேலை பார்க்கும் டர்னர், கடைசலர். வெல்டர், பற்றவைப்பவர். யாரை எதற்குக் கூப்பிடுவது என்று தெரியாவிட்டால், கூலி ஒரு பக்கம் போகும். பயிர் ஒரு பக்கம் வாடும்.

பம்புசெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் 'உர்ர்' என்று உறுமுகிறது, சுற்றவில்லை. மூன்று பேஸில் ஒன்று வராமல் இருக்கலாம். உடனே நிறுத்திவிடுங்கள், விட்டுவைத்தால் காயில் கருகிவிடும். இதற்கு மின்பணியாளர் வேண்டும். காயில் கருகியே போயிருந்தால் காயில் கட்டுகிறவரிடம் போக வேண்டும். மோட்டார் நன்றாக ஓடுகிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை என்றால் ஃபுட் வால்வு ஒழுகலாம், அல்லது உறிஞ்சு குழாயில் காற்று இழுக்கலாம். அது பம்பு கழற்றிப் பூட்டத் தெரிந்த ஃபிட்டர் வேலை. ஷாஃப்ட் தேய்ந்திருந்தால் அவரே லேத் பட்டறைக்கு அனுப்பிவிடுவார்.

ஆள் அனுப்பும்போது "மோட்டார் ரிப்பேரு" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். "உறுமுது, சுத்தலை", "ஓடுது, தண்ணி ஏறலை", "கருகின வாடை வருது" என்று கண்டதைச் சொல்லுங்கள். வருகிறவர் அதற்குத் தக்க சாமானோடு வருவார்.

இன்னொன்று. டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் போனால் அது மின்வாரியப் பணியாளர் வேலை. அவர் வரத் தாமதமானாலும் சரி, நாமே கம்பில் ஏறக் கூடாது. உள்ளூர் மெக்கானிக்கையும் ஏறச் சொல்லக் கூடாது. ஒரு நாள் தண்ணீர் பாயாவிட்டால் மறுநாள் பாய்ச்சிக்கொள்ளலாம். போன உயிர் வராது.

கடைசியாக, பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். கம்பியாள், பற்றவைப்பவர் பிரிவுகளுக்கு எட்டாவது தேறினால் போதும். பொருத்துநர், மின்பணியாளர் பிரிவுகளுக்குப் பத்தாவது தேற வேண்டும். பொருத்துநர் படிப்பு 2 வருஷம். கம்மியர் டீசல் 1 வருஷம். பெண் பிள்ளைகளும் சேரலாம். அறிவிப்பில் கம்மியர் என்று கண்டால் இனித் தாண்டிப் போக வேண்டாம். நம் ஊர் மோட்டாரை நம் பிள்ளையே பிரித்துப் பூட்டினால், தண்ணீருக்குக் காத்திருக்கும் பயிர் பிழைக்கும். பிள்ளைக்கும் கையில் ஒரு தொழில் இருக்கும்.